ஊசி பிடிக்க எங்கே கற்பது? மும்பையிலிருந்து ஓர் ஒப்பீடு

அண்ணன் மகள் வாட்ஸ்அப்பில் நான்கு விளம்பரப் படங்களை அனுப்பிவிட்டு, கீழே ஒரே வரி எழுதியிருந்தாள்: "அத்தை, இதுல எதுல சேரட்டும்?"

அவளுக்கு வயது 25. தாராவி 90 அடி ரோட்டுக்குப் பின்னால் வீடு. பி.காம். முடித்துவிட்டு அந்தேரியில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறாள். பள்ளிக்கூட நாளிலிருந்தே லீவு விட்டால் செம்பூரில் என் அக்குபங்சர் சிகிச்சை அறைக்கு வந்துவிடுவாள். பஞ்சு எடுத்துக் கொடுப்பாள், படுக்கை விரிப்பை மாற்றுவாள், வந்திருக்கும் பாட்டிகளிடம் ஊர்க்கதை கேட்பாள். இந்த வேலைக்கு வேண்டிய குணம் அவளிடம் இருக்கிறது என்று எனக்கு எப்போதோ தெரியும். எந்த வாசல் வழியாக உள்ளே வர வேண்டும் என்பதுதான் கேள்வி. இங்கே வேறு சில தமிழ்ப் பிள்ளைகளும் இதையே கேட்டிருக்கிறார்கள். அதனால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

நான்கு படங்களில் முதலாவது, தமிழ்நாட்டிலிருந்து ஆன்லைனில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. ஊசி கிடையாது, நாடி பார்த்து விரலால் ஒரு புள்ளியைத் தொடும் முறை. இரண்டாவது, மும்பையிலேயே நடக்கும் பட்டயப் படிப்பு. மூன்றாவது, சீனாவில் ஐந்து வருடப் பட்டம் என்று ஓர் ஏஜென்ட் போட்ட விளம்பரம். நான்காவது, சனி ஞாயிறு இரண்டே நாளில் தசைவலிக்கு ஊசி குத்தக் கற்றுத் தருகிறோம் என்பது.

இவற்றை ஒப்பிட நான் வைத்துக்கொண்ட அளவுகோல் ஒன்றுதான். உன் கை நோயாளியின் உடம்பில் இருக்கும்போது, தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று எத்தனை மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்? கட்டணம், மொழி, சான்றிதழின் பெயர் எல்லாம் அதற்கு அப்புறம்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்றால், நான் தொடங்கியது தப்பான வாசலில். 2008-ல் ஓர் இடத்தில் பன்னிரண்டு ஞாயிறு படித்தேன். பிளாஸ்டிக் பொம்மையில் புள்ளிகளைக் காட்டினார்கள், புள்ளிகளை இணைத்து உடம்பில் கோடு கோடாக ஓடுவதாகச் சொல்லும் நாடிப் பாதைகளை மனப்பாடம் செய்தோம். பன்னிரண்டாவது ஞாயிறு சான்றிதழ் கொடுத்தார்கள். ஒரு மனித உடம்பில்கூட நான் ஊசி வைத்திருக்கவில்லை. அடுத்த மாதம் தெரிந்த அக்கா ஒருவர் கழுத்துவலி என்று வந்தார். நாற்காலியில் உட்கார வைத்தே தோளில் ஊசி வைத்தேன். இரண்டு நிமிடத்தில் முகம் வெளுத்து, வேர்த்து, அப்படியே சரிந்துவிட்டார். அன்று வெள்ளிக்கிழமை, அவர் விரதம். சாப்பிட்டீர்களா என்று நான் கேட்கவே இல்லை. முதல் தடவை வருகிறவரைப் படுக்க வைத்துத்தான் ஊசி வைக்க வேண்டும், வெறும் வயிற்றில் வைக்கக் கூடாது என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. அதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊசிகளை எடுத்து, கால்களை உயர்த்திப் படுக்க வைத்ததும் சில நிமிடத்தில் தெளிந்துவிட்டார். அந்தச் சில நிமிடத்தை நான் இன்னும் மறக்கவில்லை. மறுவாரமே தாதரில் ஒரு வங்காளி டாக்டரிடம் போய், சும்மா பக்கத்தில் நிற்கிறேன் என்று கெஞ்சிக் கேட்டேன். இரண்டு வருடம் நின்றேன். நான் கற்றது அங்கேதான்.

உலக சுகாதார நிறுவனம் 1999-ல் அக்குபங்சர் பயிற்சிக்கு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. மருத்துவர் அல்லாதவர் முழுநேர அக்குபங்சர் சிகிச்சையாளர் ஆக 2,500 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்கிறது அது. ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். போலப் படித்த டாக்டருக்கே முழுப் பயிற்சி என்றால் 1,500 மணி நேரம். தன் சிகிச்சையோடு சேர்த்து ஓரளவு பயன்படுத்த மட்டும் என்றால், டாக்டருக்குக் குறைந்தது 200 மணி நேரம். இப்போது ஒரு கணக்குப் போடுவோம், கணக்கு அவளுக்குப் பிடிக்கும். ஞாயிறு தவறாமல் ஆறு மணி நேரம் படித்தால் வருடத்துக்கு 312 மணி நேரம். 2,500-ஐத் தொட எட்டு வருடம் ஆகும். என்னுடைய பன்னிரண்டு ஞாயிறு 72 மணி நேரம்.

சரி, முதல் படத்துக்கு வருகிறேன். இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகத்தான் பேச வேண்டும். மும்பைத் தமிழர் வீடுகளில் அக்குபங்சர் என்றால் பலருக்கும் இந்தத் தொடு சிகிச்சைதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஊரில் மாமாவோ சித்தியோ கற்றிருப்பார்கள். தாய்மொழியில் பாடம், குறைந்த செலவு, பிள்ளைகளை வைத்துக்கொண்டே படிக்கலாம். பசித்தால் சாப்பிடு, தாகம் எடுத்தால் குடி, நேரத்துக்குத் தூங்கு என்று அவர்கள் சொல்வதால் பல வீடுகளில் நல்ல பழக்கம் வந்திருக்கிறது. உடம்பைப் பற்றி எளிய மக்கள் தமிழில் பேச ஒரு சொல்வளம் கிடைத்திருக்கிறது. இதையெல்லாம் நான் மதிக்கிறேன்.

ஆனால் சீன மருத்துவம் கற்க வேண்டும் என்று ஆசைப்படுகிற ஒருத்திக்கு இது போதாது. இரண்டு இடத்தில் இடிக்கிறது. ஒன்று, பாடத்துக்குள்ளேயே. சீனத்தின் ஐந்து மூலங்கள் மரம், நெருப்பு, மண், உலோகம், நீர். பல தமிழ் வகுப்புகளில் இதை நம் பஞ்சபூதத்தோடு பொருத்திவிடுகிறார்கள். உலோகம் இருக்கும் இடத்தில் காற்றும், மரம் இருக்கும் இடத்தில் ஆகாயமும் வந்து உட்காருகின்றன. நுரையீரலுக்குக் காற்று என்றால் நமக்குச் சட்டென்று புரிகிறது, உண்மைதான். ஆனால் சீன முறையில் அந்த ஐந்தும் ஒரு சங்கிலி. மரம் எரிந்து நெருப்பாகும், நெருப்பு அடங்கிச் சாம்பல் மண்ணாகும், மண்ணுக்குள் உலோகம் விளையும், உலோகத்தின் மேல் நீர் துளிர்க்கும், நீர் மரத்தை வளர்க்கும். ஒன்றை ஒன்று அடக்கும் இன்னொரு சங்கிலியும் உண்டு: உலோகம் மரத்தை வெட்டும், நீர் நெருப்பை அணைக்கும். எந்தப் புள்ளியைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கான காரணம் இந்தச் சங்கிலிகளில் இருக்கிறது. மரத்தை எடுத்துவிட்டு ஆகாயத்தை வைத்தால் எது எரியும், எதை வெட்டுவது? பாடம் மனப்பாடமாகிவிடுகிறது. நாடியிலும் இதே சிக்கல்தான். சித்த மருத்துவத்தில் மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்போம். சீனத்திலும் மணிக்கட்டில் மூன்று விரல்தான். ஆனால் இடக்கையில் இதயம், கல்லீரல், சிறுநீரகம், வலக்கையில் நுரையீரல், மண்ணீரல் என்று ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் உறுப்பு. விரல் வைக்கும் இடம் ஒன்று போலத் தோன்றுவதால் இரண்டையும் கலந்துவிடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது இடிப்பு இதைவிடப் பெரியது. தொடு சிகிச்சை செய்யும் சில ஹீலர்கள் மற்ற மருந்துகள் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஒரு சர்க்கரை நோயாளி அப்படி இன்சுலினை நிறுத்தி, நினைவு தப்பிய நிலையில் ஆஸ்பத்திரிக்குப் போனார். நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார். இன்சுலினை நிறுத்து என்று சொல்லும் தகுதி ஊசி வைக்கும் எனக்கும் இல்லை, தொட்டுக் குணப்படுத்தும் அவருக்கும் இல்லை. எந்த வகுப்பில் இதைச் சொல்லித் தருகிறார்களோ அங்கே போகாதே என்று அண்ணன் மகளிடம் கண்டிப்பாகவே சொல்லிவிட்டேன்.

தொட்டாலே போதும், ஊசி எதற்கு என்று கேட்பவர்கள் ஓர் ஆய்வைக் காட்டுவதுண்டு. அதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரை மூன்று குழுவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 2007-ல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து, சீன முறைப்படி ஊசி வைத்தவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல பலன். புள்ளியே இல்லாத இடத்தில் மேலோட்டமாகக் குத்தியவர்களில் 44.2 சதவீதம். வழக்கமான மருந்தும் உடற்பயிற்சியும் பெற்றவர்களில் 27.4 சதவீதம். இந்த எண்களைப் பார்த்து முதலில் எனக்குத் தூக்கம் வரவில்லை. புள்ளிகளை அரை விரற்கடை பிசகாமல் தேடிய வருடங்கள் எல்லாம் எதற்கு என்று தோன்றியது. ஆனால் அந்த இரண்டாவது குழுவுக்கும் ஊசி குத்தியிருக்கிறார்கள், அதனால் தொட்டாலே போதும் என்பதற்கு இது சாட்சி ஆகாது. நான் எடுத்துக்கொண்டது வேறு: புள்ளியைப் பற்றி நோயாளியிடம் பெருமை பேசக் கூடாது, இந்தச் சிட்டிங்கில் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்கக் கூடாது. சுத்தமாக, பாதுகாப்பாக, பொறுமையாகச் செய்வதில் மட்டும் குறை வைக்கக் கூடாது.

பாதுகாப்பு என்றதும் சீனத்துப் பழமொழி ஒன்று நினைவுக்கு வருகிறது. வயிறு கிணறு போல ஆழம், முதுகு ரொட்டி போல மெல்லிசு என்பார்கள். வயிற்றில் சற்று ஆழமாகப் போகலாம், முதுகில் போனால் நுரையீரலைத் தொட்டுவிடும். தோள்மேட்டில் பித்தப்பைப் பாதையின் 21-ஆம் புள்ளி இருக்கிறதே, அதன் கீழே நுரையீரலின் உச்சி. கழுத்துவலிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் விரலை வைத்துக் காட்டுவார்கள். அங்கே நேராக ஆழமாக ஊசி இறக்கினால் நுரையீரலில் ஓட்டை விழுந்து மூச்சுத் திணறும். நான்காவது படமான சனி ஞாயிறு வகுப்பைப் பற்றி எனக்குள்ள பயம் இதுதான். தசை முடிச்சில் குத்தும் அந்த முறை, உடற்கூறு முறையாகப் படித்த பிசியோதெரபிஸ்டுக்கு ஒரு கூடுதல் கருவி. அண்ணன் மகளுடைய தோழி ஒருத்தி பிசியோ படித்திருக்கிறாள், அவள் யோசிக்கலாம், அதுவும் இரண்டு நாளோடு நிறுத்தாமல். பி.காம். படித்தவளுக்கு அது ஆபத்து. தவிர, அது சீன மருத்துவமும் ஆகாது.

மூன்றாவது படம், சீனா. படத்தில் சிவப்புக் கூரையும் செர்ரிப் பூவும் போட்டிருந்தார்கள். ஆசை வரத்தான் செய்யும். பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு நகரங்களின் சீன மருத்துவக் கல்லூரிகள் 1956-ல் தொடங்கியவை, இன்று பெரிய பல்கலைக்கழகங்கள். ஐந்து வருடப் படிப்பு, ஆஸ்பத்திரிப் பயிற்சியோடு. கை பழக இதைவிட நல்ல இடம் கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2013-ல் மூன்று மாதக் குறும்பயிற்சிக்கு நான் பெய்ஜிங் போயிருந்தேன். வெளிநாட்டவருக்கான இந்தப் பயிற்சி மையங்களைப் பெய்ஜிங், ஷாங்காய், நான்ஜிங் மூன்று இடங்களிலும் 1975-ல் ஆரம்பித்தார்கள். காலையில் வெளிநோயாளிகள் பிரிவு, மதியம் வகுப்பு. எங்கள் ஆசிரியை ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்குப் போகும் வேகத்தில் எனக்குப் புள்ளியின் பெயரை எழுதக்கூட நேரம் போதவில்லை. ஆனால் ஊசி இறங்கியதும் நின்றுவிடுவார். நோயாளிக்கு அந்த இடத்தில் கனக்கிற மாதிரி, மதமதக்கிற மாதிரி ஓர் உணர்வு வரும். அதற்குத் த-சி என்று பெயர். தூண்டிலில் மீன் கடிப்பது போலத் தன் விரலுக்கும் அது தெரிய வேண்டும் என்பார். தெரியும்வரை அடுத்த ஊசியைத் தொட மாட்டார். அதைப் பார்த்துக் கற்றது இன்றும் கையில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் அவளை அனுப்பவில்லை? ஐந்து வருடப் படிப்பில் கணிசமான பகுதி சீன மூலிகைகளும் கஷாயக் கலவைகளும். இந்தியாவில் அரசு ஏற்றிருக்கும் மருத்துவ முறைகளில் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி, திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பா எல்லாம் உண்டு, சீன மூலிகை மருத்துவம் இல்லை. திரும்பி வந்து செம்பூரில் உட்கார்ந்தால் அவள் கையில் மிஞ்சுவது ஊசியும், இலையை எரித்துப் புள்ளியில் சூடு காட்டும் மோக்ஸாவும்தான். அந்தப் பட்டம் எம்.பி.பி.எஸ்.சுக்கு இணையும் ஆகாது. சீன மொழி வழியில் படிக்க முதலில் மொழித் தேர்வில் தேற வேண்டும். என் அண்ணன் துறைமுகத்தில் சுமை ஏற்றிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர், ஐந்து வருடச் செலவை அவர் தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. வசதி இருந்து, வெளிநாட்டிலேயே தொழில் செய்கிற எண்ணமும் இருந்தால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன்.

நடுவில் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டில் பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளை இருந்து, இந்தத் துறையில் ஆசை என்றால், யோகா இயற்கை மருத்துவப் பட்டப்படிப்பைப் பாருங்கள். பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை வருடம். அதில் அக்குபங்சர் ஒரு பாடம். சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது, கர்நாடகத்தில் உஜிரேயில் பழைய கல்லூரி ஒன்று இருக்கிறது. உடற்கூறும் உடலியங்கியலும் உறுதியாக அமைந்துவிடும். வணிகவியல் படித்த என் அண்ணன் மகளுக்கு அந்தக் கதவு அடைத்தாயிற்று.

மீதி இருப்பது இரண்டாவது படம், மும்பையில் நடக்கும் பட்டயப் படிப்பு. மகாராஷ்டிரத்தில் இருப்பது நமக்கு ஒரு வாய்ப்பு என்பதை இங்குள்ள பலரே கவனிப்பதில்லை. நாட்டில் முதலில் மேற்கு வங்கம் 1996-ல் அக்குபங்சருக்கென்று சட்டம் கொண்டுவந்தது. மகாராஷ்டிரத்தில் அக்குபங்சர் சிகிச்சை முறைச் சட்டம், 2015 இருக்கிறது. அதன்கீழ் ஒரு கவுன்சில், சிகிச்சையாளர்களுக்குப் பதிவேடு. மத்திய அரசு 2003-ல் அக்குபங்சரை ஒரு சிகிச்சை வகையாக மட்டும் ஒப்புக்கொண்டது, தனி முறை என்று ஏற்றது 2019 பிப்ரவரியில். சட்டம் வந்த பிறகு நானும் பதிவு செய்துகொண்டேன். அதற்கு முன்னால் வாசலில் போலீஸ்காரர் நின்றால் நெஞ்சு படபடக்கும், இப்போது சுவரில் சான்றிதழ் தொங்குகிறது. இந்த ஊருக்கும் சீனத்துக்கும் பழைய உறவும் உண்டு. 1938-ல் போரில் அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்க்கச் சீனாவுக்குப் போன ஐந்து இந்திய டாக்டர்களில் சோலாப்பூர்க்காரரான துவாரகாநாத் கோட்னிஸ் பரேலில் இருக்கும் ஜி.எஸ். மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1942-ல் அங்கேயே இறந்தார். உடன் போன பிஜோய் குமார் பாசுதான் பின்னாளில் சீனாவில் அக்குபங்சர் கற்று வந்து கொல்கத்தாவில் தொடங்கினார். நான் பக்கத்தில் நின்ற வங்காளி டாக்டர் அந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடுவார்.

ஆக, என் பதில் இரண்டாவது படம். ஆனால் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டாதே என்று சொல்லியிருக்கிறேன். முதலில் கவுன்சில் அலுவலகத்துக்கே போய், இந்த நிறுவனத்தின் படிப்பை முடித்தால் என் பெயர் பதிவேட்டில் ஏறுமா என்று கேட்டு, எழுத்தில் வாங்க வேண்டும். வேறு மாநிலச் சான்றிதழ் வைத்திருப்பவர்களும் இதையே செய்யுங்கள், அது இங்கே தானாகச் செல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து, அந்த நிறுவனத்துக்கு நேரில் போய் அரை நாள் உட்கார வேண்டும். நோயாளிகள் வருகிறார்களா, மாணவர் ஊசி வைக்கும்போது ஆசிரியர் அறையில் இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். பயன்படுத்திய ஊசி எங்கே போகிறது என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். 2016-ன் மருத்துவக் கழிவு விதிப்படி ஊசிகள் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவுக்குள் போக வேண்டும். குப்பைக்கூடையில் ஊசி கிடந்தால் அங்கே நிற்காமல் கிளம்பிவிடச் சொன்னேன்.

மொழியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தயக்கம். இங்கே பாடம் ஹிந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் கலந்து நடக்கும். தாராவியில் பிறந்தவளுக்கு அது பெரிய காரியமில்லை. தமிழில் யோசிப்பதை மட்டும் விட்டுவிடாதே என்றேன். 361 புள்ளிகளின் பெயர்களையும் தமிழில் பொருள் எழுதி வைத்துக்கொண்டால் இடம் மறக்காது. முழங்காலுக்குக் கீழே மூன்று சுன் அளவில் இருக்கும் புள்ளிக்குக் கால் மூன்று லீ என்று பெயர். நடந்து களைத்தவனை இன்னும் மூன்று லீ தூரம் நடக்க வைக்கும் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். சுன் என்பது நோயாளியின் கட்டைவிரல் அகலம், நம்முடையது கிடையாது. நான்கு விரல் சேர்ந்தால் மூன்று சுன். மோக்ஸாவுக்கு எரிக்கும் இலைகூட நமக்கு அன்னியமில்லை. நம் மாசிபத்திரியின் இனம், மாட்டுங்காவில் பூக்காரம்மா கதம்பத்தில் வைத்துக் கட்டும் மரிக்கொழுந்துக்கும் சொந்தம். அதைச் சொன்னதும்தான் அவள் முகத்தில் சிரிப்பு வந்தது.

வேலையை விடாமல் முதல் வருடத்தைப் பார்ப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். வகுப்பு மணி நேரம் எப்படியும் 2,500-க்கு எட்டாது. மீதியை என் அறையில் ஈடுகட்டலாம் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வருகிறாள். சீனாவில் சோங் அரச வம்ச காலத்தில், 1027-ல், வாங் வெய்யி என்பவர் வெண்கலத்தில் மனித உருவம் வார்த்து, புள்ளிகளில் துளையிட்டாராம். மேலே மெழுகு பூசி உள்ளே நீர் நிரப்பி மாணவர்களைச் சோதிப்பார்கள். சரியான இடத்தில் குத்தினால் நீர் கசியும். என்னிடம் வெண்கலச் சிலை இல்லை. முதல் மாதம் நூல் சுற்றிய பஞ்சுப் பந்திலும் மடித்த காகிதக் கட்டிலும் குத்திப் பழகட்டும். இரண்டாவது மாதம் தன் காலில். மூன்றாவது மாதம் என் காலில் வைக்கட்டும், வலித்தால் நான் சொல்கிறேன்.